தேயத் தேய முதிர்ந்த குரல்

கொழும்புக் கோட்டைக்குப் போகிற ரயில் கடந்து போகும்வரை யோகராணி ஊசியைத் தட்டில் வைக்கமாட்டாள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாகக் குடியிருக்கிறவர்களுக்கு இது பழகிப்போன கரைச்சல். ரயில் வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும், அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். மற்றவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். யோகராணியால் முடியாது. அதிர்வில் ஊசி துள்ளினால் இசைத்தட்டில் கீறு விழும்; கீறு விழவே கூடாத இடம் ஒன்று அந்தத் தட்டில் இருந்தது.

தட்டின் பெயர் ‘சோல்ட் எயார்’. உப்புக் காற்று என்று அர்த்தம். எண்பத்துமூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் கொழும்புக்காரர் நான்கு பேர் சேர்ந்து வாசித்த பியூஷன் இசை. ஜாஸ், ரொக், மிருதங்கம் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருந்தார்கள். யோகராணிக்கு அந்த இசை பிடிக்காது. இத்தனை வருடமாக வைத்திருக்கிற தட்டை அவள் முழுசாகக் கேட்டது கிடையாது. இரண்டாம் பக்கத்தில் கடைசிக்கு முந்தின உருப்படியில், நான்கு பேரும் அமர்க்களமாக வாசித்துக்கொண்டே வந்து ஒரே அடியில் நிறுத்துவார்கள். வாத்தியம் ஒன்றும் கேட்காது. அந்த மௌனத்துக்குள், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ கதைப்பதுபோல, ஓர் ஆண் குரல் மிக மெல்லக் கேட்கும்.

“தகிட தகதிமி... தகிட தகதிமி...”

அவ்வளவுதான். பிறகு நான்கு பேரும் ஒன்றாக வந்து விழுந்து குரலை மூடிவிடுவார்கள். யோகராணி ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, தட்டை உறைக்குள் போட்டு, சோறு வடிக்கப் போவாள்.

அது அவளுடைய புருஷன் கேதீஸ்வரனின் குரல். அவருடைய குரல் உலகத்தில் வேறெங்கும் மிஞ்சவில்லை.

துறைமுகத்தில் கிளார்க் வேலை, பின்னேரங்களில் மிருதங்கம் என்று இருந்த மனுசன். அந்த வருடம் ஜூலை மாதத்துத் திங்கட்கிழமை காலையில், கொட்டாஞ்சேனையில், கூட வாசிக்கிற நிக்கலஸின் வீட்டில் பயிற்சி இருக்கிறதென்று சொல்லி, வேலைக்கு லீவு போட்டு, தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினவர். நகரத்தின் அந்தப் பக்கத்தில் முதல்நாளே தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கியிருந்தது. வெள்ளவத்தைக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. அவர் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேரவில்லை. திரும்பி வரவும் இல்லை. மத்தியானத்துக்குள் வீடும் எரிந்தது. கலியாணப் படங்கள், மிருதங்கம், அவர் விளையாட்டாகப் பேசிப் பதிந்து வைத்திருந்த கசெட்டுகள், எல்லாம் ஒரே நெருப்பில் போயின. வயிற்றில் பிள்ளையோடு யோகராணி பம்பலப்பிட்டியில் ஒரு முகாமில் போய்க் கிடந்தாள்.

கடையில் விற்பனைக்கு வந்திருந்த ‘சோல்ட் எயார்’ தட்டுகளும் கடையோடு எரிந்தன. வாசித்தவர்கள் கையில் இருந்த கொஞ்சப் பிரதிகள்தான் மிச்சம். அதில் ஒன்றை நிக்கலஸ் முகாமுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். போட்டுக் கேட்க அங்கே பெட்டி ஏது? துவாயில் சுற்றி, தலைமாட்டில் வைத்துப் படுத்தாள்.

பிரேதம் கிடைக்கவில்லை. பொலிசில் பதில் இல்லை, ஆஸ்பத்திரியில் பதில் இல்லை. ஆகவே மனுசன் எங்கேயோ இருக்கிறார் என்பது யோகராணியின் கட்சி. கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம், ஒன்றும் குறையவில்லை. அவளை விசரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாடி வீட்டுக்காரர்களின் தண்ணீர்ச் சண்டையையெல்லாம் நின்ற நிலையில் தீர்த்துவைக்கிற ஆள். இந்த ஒரு விஷயத்தில்தான் அவளோடு ஒருவரும் வாய் கொடுப்பதில்லை.

மகள் சிவானி மட்டும் வருடத்தில் ஒருமுறை வாய் கொடுப்பாள். தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் இருந்து, முகத்துவாரத்துக் கடலில் தீர்த்தமாடி, தர்ப்பணம் செய்து, வீட்டுக்கு வந்து காத்தோட்டிக்காய்க் கறியோடு சோறு சாப்பிடுவது வழக்கம். அந்த நாளைக்கென்றே வெள்ளவத்தை மார்க்கெட்டில் காத்தோட்டிக்காய் குவிந்து கிடக்கும். யோகராணி அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாள்.

“எல்லாரும் போகினம் அம்மா. நாங்களும் ஒருக்கா...”

“உயிரோட இருக்கிற மனுசனுக்கு ஆரும் தர்ப்பணம் செய்யிறதோ? போய் வேலையைப் பார்.”

சிவானி போய் வேலையைப் பார்ப்பாள். பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் அவளுக்கு உத்தியோகம். தகப்பன் காணாமற்போய் ஆறு மாதத்துக்குப் பிறகு பிறந்தவள். இப்போது நாற்பத்தொரு வயது. கலியாணம் சரிவரவில்லை. அது தனிக்கதை, இங்கே வேண்டாம்.

யோகராணியின் பிடிவாதத்துக்கு ஆதாரமாக இருந்தது அந்தத் தட்டுத்தான். தட்டிலிருந்த குரல் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டு வந்தது. முதலில் தெளிவாக இருந்தது, கொஞ்சம் கரகரத்தது. பிறகு தடித்தது. இப்போதெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு, தொண்டையில் சளி கட்டின கிழவர் ஒருவர் சொல்வதுபோலத்தான் அந்தத் தகதிமி கேட்கும். அவருக்கும் அறுபத்தொன்பது வயதாகிறதே என்று யோகராணி நினைத்துக்கொள்வாள். அவளுக்கு முழங்கால் நோகத் தொடங்கிய வருடம் குரலும் தளர்ந்தது. அதில் அவளுக்கு ஒரு ஆறுதல். தான் மட்டும் தனியாகக் கிழவியாகவில்லை என்ற ஆறுதல். பஸ்ஸில் போகும்போது முன்பெல்லாம் வாலிபர்களின் முகத்தைப் பார்ப்பாள். பிறகு நடுத்தர வயதுக்காரரை. இப்போது தடியூன்றி ஏறுகிற கிழவர்களை உற்றுப் பார்க்கிறாள். கிழவர்கள் சிலர் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு.

குரல் தட்டுக்குள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அது வந்ததே ஒரு பிழையால்தான்.

கீபோர்ட் வாசித்த டெரிக் ஐரோப்பியர் வழிவந்த ஒரு பறங்கி. பாட்டுகளைக் கட்டினவன் அவன். தலைக்கனம் கொஞ்சம் கூடுதல், கோபம் அதைவிடக் கூடுதல். டிரம்ஸ் அடித்த லயனல் ஹோட்டல்களில் பைலாப் பாட்டுக்கு அடித்துப் பிழைத்த சிங்களவர், பரம சாது. பேஸ் கிட்டார் வாசித்த நிக்கலஸ் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிற் பாடகர் குழுவில் வளர்ந்தவர். மிருதங்கம் கேதீஸ்வரன். இந்த நான்கு பேரும் தனித்தனியே கெட்டிக்காரர். ஏழு அட்சரத்தில் டெரிக் ஒரு பாட்டைக் கட்டி, நடுவில் எல்லாரும் நிறுத்தி இரண்டு சுற்று மௌனமாக இருந்து பிறகு ஒரே அடியில் விழவேண்டும் என்று எழுதிவைத்ததும் கெட்டித்தனம் எல்லாம் காற்றில் போய்விட்டது. டெரிக் இங்கிலீஷில் எண்ணினான், லயனல் காலால் எண்ணினார், நிக்கலஸ் தலையை ஆட்டி எண்ணினார். விழும்போது நான்கு பேரும் நான்கு இடத்தில் விழுந்தார்கள்.

கடைசியில் கேதீஸ்வரன்தான் வழி சொன்னார். முதலில் தாளத்தை நான் வாயால் சொல்லிப் பதிகிறேன், அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே எல்லாரும் வாசிப்போம், பிறகு என் குரலை அழித்துவிடுங்கள் என்றார். அப்படியே செய்தார்கள். எல்லாரும் ஒரே இடத்தில் விழுந்தார்கள். ஆனால் நிக்கலஸுக்கு இரண்டு காதையும் மூடிக்கொண்டு வாசித்துப் பழக்கமில்லை. ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதுக்கு வெளியே தள்ளிவிட்டிருந்தார். வாத்தியங்கள் ஓய்ந்த அந்த மௌனத்தில், தள்ளிவிட்ட ஹெட்போனிலிருந்து கசிந்த குரலைப் பக்கத்திலிருந்த மைக் பிடித்துவிட்டது. டெரிக் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். திரும்ப வாசித்துப் பார்த்தார்கள். முதல்முறை போல வரவேயில்லை. வேறு வழியின்றி அதையே வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையெல்லாம் தெரியாத வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலருக்கு எப்படியோ இந்தத் தட்டு கைக்கு எட்டி, இன்டர்நெட்டில் ஏறி, ‘சோல்ட் எயார்’ உலகத்தில் பெரிய கிளாசிக் ஆகிவிட்டது. வாசித்தவர்களில் மூன்று பேர் இல்லாமற் போனபிறகு வந்த புகழ். லயனல் சீனி வருத்தம் முற்றிப் போனார். டெரிக் மெல்பனுக்குக் குடிபெயர்ந்து அங்கே கண்ணை மூடினான். இந்த வருடம் வெளிநாட்டுக் கம்பனி ஒன்று தட்டைத் திரும்ப வெளியிடப் போவதாகச் செய்தி வந்தது. சிவானிதான் கம்பனிக்காரரோடு தொடர்பு வைத்திருந்தாள்.

“அம்மா, அந்தக் குரலுக்கு அங்க ஒரு பேரே வைச்சிருக்கினம். சோல்ட் எயார் பேய் எண்டு.”

“பேயோ? இவர் என்ன பேயோ?” யோகராணிக்கு முகம் சிவந்துவிட்டது. “அவையளின்ர வாயை முதல்ல கழுவச் சொல்லு.”

“அதை விடுங்கோ. இன்னொண்டு சொல்லவேணும். பழைய இரைச்சல் எல்லாத்தையும் துடைச்சுப்போட்டுத்தான் விடுவினமாம். அந்தக் கசிவையும் எடுக்கிறதோ எண்டு நிக்கலஸ் மாமாவிட்டக் கேட்டிருக்கினம். உயிரோட இருக்கிறது அவர் மட்டும்தானே.”

கடைசி வசனத்தைச் சொன்னபிறகுதான் சிவானி நாக்கைக் கடித்துக்கொண்டாள். யோகராணி அதைக் கவனிக்கவேயில்லை. அடுப்பை நிறுத்தி, சேலையை மாற்றி, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கொட்டாஞ்சேனைக்குப் போகிற பஸ் காலி வீதி என்கிற பெருந்தெருவில் ஊர்ந்தது. அவர் போன அதே வழி. எந்த இடத்தில் காணாமற்போனார் என்று தெரியாததால் யோகராணிக்கு எல்லா இடமும் ஒன்றுதான். ஒவ்வொரு தரிப்பிலும் வெளியே எட்டிப் பார்ப்பாள். கொள்ளுப்பிட்டியில் ஒரு கிழவர் ஏறினார். பழக்கதோஷம், பார்த்தாள். அவரில்லை.

நிக்கலஸ் பெரிய கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒடுங்கின ஒழுங்கையில் இருந்தார். மூட்டுவாதத்தில் விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி முறுகிப்போய், கிட்டாரைத் தொட்டே பல வருடம்.

“வாங்க யோகா. மாக்ரெட், யோகா வந்திருக்கு, பிளேன்டீ போடு” என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

“தேத்தண்ணி இருக்கட்டும் நிக்கலஸ் அண்ணை. இவரின்ர குரலைத் துடைக்கப்போயினமாம். நீங்கள் ஓமெண்டு சொல்லிப்போட்டியளோ?”

“நான் ஒண்டும் சொல்லல்ல. லீக் ஆன சத்தம்தானே, கிளீன் பண்ணவா எண்டு கேட்டாங்க. டெரிக் இருந்திருந்தா முதல் ஆளா ஓம் எண்டிருப்பான். சாகும்வரைக்கும் அந்த லீக்குக்கு என்னை ஏசினவன்.”

“டெரிக் இல்லைத்தானே. நீங்கள் சொல்லுறதுதானே சட்டம். அந்தச் சத்தத்தைத் தொடக்கூடாதெண்டு சொல்லுங்கோ. நீங்கள் ஒரு காதைத் திறந்துவைச்சதாலதான் எனக்கு அவர் மிஞ்சினவர். இப்ப அதையும் பறிச்சுப்போடாதையுங்கோ.”

நிக்கலஸ் மேசையில் கிடந்த போனை முறுகின விரல்களால் தன் பக்கம் இழுத்தார்.

“சொல்லுறன். கட்டாயம் சொல்லுறன். ஆனா யோகா, ஒண்டு கேட்டாக் கோவிக்கக்கூடாது.”

“கோவிக்கிற விஷயமெண்டால் கேளாதையுங்கோ.”

“குரல் வயசுபோய்க் கேக்குது எண்டு சிவானியிட்ட சொல்லுறீங்களாம். வயசு போறது குரலுக்கில்ல யோகா. தட்டு தேயுது. ஊசி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டுது. அவ்வளவுதான்.”

“உங்கட தொண்டையும்தான் கரகரக்குது. உங்களையும் ஊசி சுரண்டினதோ?”

மாக்ரெட் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று சிரித்துவிட்டாள். நிக்கலஸும் சிரித்தார். யோகராணி சிரிக்கவில்லை. ஊசி சுரண்டுவது அவளுக்கும் தெரியாததல்ல. தெரிந்ததையெல்லாம் நம்பித்தான் ஆகவேண்டும் என்று யார் சொன்னது?

நிக்கலஸ் சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கே கம்பனிக்காரனோடு போனில் கதைத்து, கசிவைத் தொடக்கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். அவர்களும் சரியென்று விட்டார்கள். யோகராணி கடையில் நின்று மகளுக்குப் பிடித்த மீன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். வெகுநாளைக்குப் பிறகு மனம் இலேசாக இருந்தது. ஒரு சண்டையில் வென்றுவிட்டதாகத்தான் நினைத்தாள்.

மெல்பனில் டெரிக்கின் மகள் டெனிஷா தகப்பனின் பழைய பெட்டிகளைக் கிளறினது அதற்கடுத்த மாதம். ‘சோல்ட் எயாரின்’ மூல டேப் அதற்குள் கிடந்தது. அந்த டேப்பில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனிக் கோட்டில் பதிந்திருக்குமாம். கீபோர்டுக்கு ஒரு கோடு, டிரம்ஸுக்கு ஒரு கோடு என்று. தாளம் சொன்ன கோட்டை வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும். கோபக்காரன் டெரிக் அதைச் செய்யாமலே விட்டிருந்தான். கேதீஸ்வரனின் குரல் ஒரு தூசு படாமல் அப்படியே இருந்தது. வெளிநாட்டு என்ஜினியர் அந்தக் கோட்டை மட்டும் பிரித்தெடுத்துச் சிவானிக்கு அனுப்பினான். நல்ல மனசோடுதான் அனுப்பினான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

சிவானி அதைக் கந்தோர் மாடிப்படியில் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். பிறந்ததிலிருந்து அவளுக்குத் தகப்பன் என்பது சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு வரித் தகதிமிதான். அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிக்கலஸையும் மாக்ரெட்டையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் முன்னறையில் இருத்திவிட்டு, சின்ன ஸ்பீக்கர் ஒன்றைத் தட்டுப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்ன புதினம்?” என்றாள் யோகராணி.

“கேளுங்கோ அம்மா. ஒண்டும் கதைக்காமல் கேளுங்கோ.”

முதலில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ அந்த அறைக்குள்ளேயே நிற்கிறமாதிரி, முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும், கதைத்தார்கள்.

“ஹரித லயனல் அய்யே? சரி... நிக்கலஸ், ரெண்டு காதையும் மூடுங்கோ சொல்லிப்போட்டன். திரும்பத் திரும்பச் சொல்ல ஏலாது. கெதியா முடிப்பம், வீட்டில மனுசி சாப்பிடாமல் பாத்துக்கொண்டிருக்கும்.”

ஒரு சிரிப்பு. பிறகு துள்ளிக்கொண்டு தாளம் தொடங்கியது. தகிட தகதிமி, தகிட தகதிமி. மெல்லிய, கூரான, கொஞ்சம் மூக்கால் வருகிற குரல். அவசரக்காரக் குரல்.

நிக்கலஸ் முறுகின விரல்களால் முகத்தைப் பொத்திக்கொண்டார். “அவன்தான். அச்சொட்டா அவன்தான். ஐயோ, என்னை ஏசிறான் பார் மாக்ரெட்.”

யோகராணிக்கு முதலில் வந்தது கோபம். யாரைக் கொண்டுவந்து என் வீட்டில் கதைக்க விட்டிருக்கிறார்கள் என்ற கோபம். இது யார் இந்தப் பொடியன்? மகளைவிட இளையவனாக இருப்பான் போலிருக்கிறதே. அவளுடைய மனுசனின் குரல் தடித்தது, ஆறுதலானது, மூச்சு வாங்கிச் சொல்வது. அவர் இப்படித் துள்ளமாட்டார். வீட்டில் சாப்பிடாமல் காத்திருக்கிற மனுசி என்று இவன் சொல்கிறானே, அது யார்? யாரோ ஒரு சின்னப் பெட்டை. அவளுக்குப் பல் எல்லாம் சரியாக இருக்கும், முழங்கால் நோகாது. அந்தப் பெட்டையையும் யோகராணிக்குத் தெரியாது.

அதை யாரிடம் சொல்வது? நிக்கலஸ் அழுதுகொண்டிருந்தார். சிவானியின் முகம் மத்தாப்புப் பிடித்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

“அம்மா, அப்பா இப்பிடித்தானே கதைக்கிறவர்?”

“தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்” என்று யோகராணி எழுந்து போனாள்.

குசினியில் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு நெருப்பை மூட்ட மறந்து நின்றாள். முன்னறையில் சிவானி திரும்பவும் போட்டாள். திரும்பவும். ஒவ்வொரு முறையும் அந்தப் பொடியன் சிரித்தான்.

அடுத்தநாள் சிவானி வேலைக்குப் போனதும் யோகராணி தட்டை வெளியே எடுத்தாள். ரயில் போகும்வரை காத்திருந்தாள். ஊசியை வழக்கமான இடத்தில் வைத்தாள். வாத்தியங்கள் ஓய்ந்தன. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

அதே பொடியன்.

இரைச்சல் இருந்தது, கீறல் இருந்தது, கரகரப்பு இருந்தது. அதெல்லாம் தட்டின் கரகரப்பு என்று இப்போது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அதற்குள்ளே நின்று பொடியன் துள்ளிக்கொண்டு தாளம் சொன்னான். மூச்சு வாங்கவில்லை, சளி கட்டவில்லை. யோகராணி ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தாள். இன்னொருமுறை வைத்தாள். கிழவரைத் தேடினாள். தன்னோடு கூடவே தலை நரைத்து, முழங்கால் தளர்ந்து, இத்தனை வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மனுசனைக் காணவில்லை. ரயில் வந்தது. அவள் ஊசியைத் தூக்கவில்லை. வீடு அதிர்ந்தது, ஊசி துள்ளி எங்கேயோ போய் விழுந்தது.

நிலத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எண்பத்துமூன்றில்கூட அவள் இப்படி அழவில்லை. அப்போது அழுதால் அவர் செத்தார் என்றாகிவிடும் என்று அடக்கிவைத்திருந்தாள். உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் வயது போகும். இந்தக் குரலுக்கு வயது போகவில்லை. காலையில் பஸ் ஏறின அதே வயதில், அதே அவசரத்தில் நிற்கிறது. கிழவர்களின் முகங்களில் அவரைத் தேடினதெல்லாம் வீண். அந்த முகம் ஒருநாளும் கிழடாகவில்லை.

பின்னேரம் முகம் கழுவி, சேலை மாற்றி, மார்க்கெட்டுக்குப் போனாள்.

சிவானி வேலை முடிந்து வந்தபோது அம்மா முன்னறையில் இருந்தாள். தட்டுப்பெட்டி மூடியிருந்தது. சிவானி கைப்பையை வைக்காமலே நின்றாள். காலையிலிருந்து அவள் ஒரு கேள்வியை அடக்கி வைத்திருந்தாள்.

“அம்மா, நேற்று நீங்கள் ஒண்டுமே சொல்லேல்லை. நிக்கலஸ் மாமா சொன்னது சரி, ஆனா நீங்கள் சொன்னால்தான்... அது அப்பாதானே?”

யோகராணி மகளைப் பார்த்தாள். இவளுக்கு ஒரு தகப்பன் கிடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சிரிக்கிற தகப்பன், மனுசி சாப்பிடாமல் இருப்பாளே என்று கவலைப்படுகிற தகப்பன். எனக்குத் தெரியாத பொடியன் என்று சொன்னால் பிள்ளைக்கு அதுவும் இல்லாமற் போய்விடும்.

“ஓம் பிள்ளை” என்றாள். “அப்பாதான். இப்பிடித்தான் கதைக்கிறவர். எப்பவும் அவசரம்.”

சிவானி குனிந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு தண்ணீர் குடிக்கவென்று குசினிக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். மேசையில் ஒரு பை நிறையக் காத்தோட்டிக்காய் இருந்தது.

“அம்மா...”

“வாற வியாழன் ஆடி அமாவாசை. கந்தோரில லீவு கேள். விடிய வெள்ளன முகத்துவாரம் போகவேணும், பிந்தினா சனம் நெருக்கும்.”

சிவானி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது கேட்கவேண்டுமே என்பதற்காகக் கேட்டாள்.

“ஐயர் என்ன கேட்பார்? நான் என்ன சொல்லவேணும்?”

“பேரும் நட்சத்திரமும் கேட்பார். கேதீஸ்வரன், சித்திரை நட்சத்திரம் எண்டு சொல்லு.” யோகராணி எழுந்து வந்து பையைத் தன் பக்கம் இழுத்து, காய்களை ஒவ்வொன்றாக எடுத்து நெரித்துப் பார்க்கத் தொடங்கினாள். “வயசு கேட்கமாட்டார். கேட்டால், இருபத்தேழு எண்டு சொல்லு.”